எறும்பிலிருந்து இடுப்பளவு வரை

சர்க்கரை நோய் வலிக்காது. ரத்தத்தில் சர்க்கரை மெல்ல ஏறி, கண்ணிலும் சிறுநீரகத்திலும் பாத நரம்புகளிலும் தன் வேலையைக் காட்டும்வரை உடம்பு வாய் திறக்காமலே இருந்துவிடும். காய்ச்சலை நெற்றியைத் தொட்டு அறியலாம். மஞ்சள்காமாலையைக் கண்ணிலேயே பார்த்துவிடலாம். இதற்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் இந்த நோயின் வரலாறு பெரும்பாலும் இதைக் கண்டுபிடிக்கும் வழிகளின் வரலாறாகவே இருக்கிறது. வழிகள் மாற மாற, நோய் தெரியவரும் நாளும் முன்னே முன்னே நகர்ந்து வந்தது. முதலில் நோயாளி உருகி ஒடுங்கிய பிறகு தெரிந்தது. அப்புறம் சிறுநீரில் தெரிந்தது. அதற்கும் அப்புறம் ரத்தத்தில். இன்று, நோய் வராத ஒருவரைப் பார்த்தே இவருக்கு வரக்கூடும் என்று கணக்குப் போடும் இடத்துக்கு மருத்துவம் வந்து நிற்கிறது.

மிகப் பழைய தெளிவான குறிப்புகள் சரக சம்ஹிதையிலும் சுஸ்ருத சம்ஹிதையிலும் உள்ளன. சிறுநீர் மிகுதியாகவும் கலங்கலாகவும் போகும் நோய்களைப் பிரமேகம் என்று தொகுத்து, அதில் 20 வகை சொல்லி, தேனைப் போல் சிறுநீர் இனிக்கும் மதுமேகத்தை அவற்றுள் தீராத வகையில் வைத்தார்கள். உடம்பையும் சிறுநீரையும் எறும்பு மொய்ப்பது நோயின் அடையாளங்களில் ஒன்று. இதைவிட வியப்பூட்டுவது சுஸ்ருதர் செய்த பிரிவினை. பிறவியிலேயே வருவது ஒன்று, தகாத உணவுமுறையால் வருவது மற்றொன்று என்று பிரித்து, முதல் வகையினர் மெலிந்தும் தாகம் மிகுந்தும் இருப்பார்கள், இரண்டாம் வகையினர் பருத்தும் பெருந்தீனிக்காரராகவும் தூக்கத்தில் விருப்பமுள்ளவராகவும் இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். யாருக்கு வரும் என்ற பட்டியலும் உண்டு. உட்கார்ந்தே இருப்பவர், பகலில் தூங்குபவர், தயிரும் புது அரிசியும் வெல்லப் பண்டங்களும் ஓயாமல் உண்பவர். சிகிச்சை ஆளுக்கு ஏற்றபடி இருந்தது. வசதி இல்லாத நோயாளி செருப்பும் குடையும் இல்லாமல் நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும், அல்லது கிணறு வெட்ட வேண்டும். ஒரு யோசனை என்பது எந்தக் கணக்கில் பார்த்தாலும் பல கிலோமீட்டர். இன்று டாக்டர்கள் சீட்டின் அடியில் எழுதும் ‘தினமும் 45 நிமிடம் நடக்கவும்’ என்பதற்கும் இதற்கும் கருத்தில் பெரிய வேறுபாடு இல்லை, தூரம்தான் சுருங்கிவிட்டது.

தமிழ்நாட்டுச் சித்த மருத்துவம் மதுமேகத்தை, நீரிழிவு என்று வழங்கும் நோயை, மேக நோய்களின் வரிசையில் சேர்த்தது. அந்த வரிசையில் இன்று வெவ்வேறாகக் கருதப்படும் பல நோய்கள் கலந்தே இருந்தன. ஆனால் சிறுநீரைப் பார்த்து நோயறியும் கலை அங்கே தனியாக வளர்ந்தது. எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. நிறம், எடை, மணம், நுரை, அளவு ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதை அடுத்தது நெய்க்குறி. விடிகாலையில் பிடித்த சிறுநீரை வாயகன்ற பாத்திரத்தில் ஆடாமல் வைத்து, அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, எண்ணெய் எப்படிப் பரவுகிறது என்று வெயிலில் பார்ப்பார்கள். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வட்டமிட்டால் பித்தம், முத்தாக நின்றால் கபம். தேரையர் என்ற சித்தரின் பெயரில் வழங்கும் நூல்களில் இந்த முறை விரிவாக உள்ளது. நெய்க்குறி சர்க்கரையை அளக்கவில்லை, அதன் நோக்கமும் அதுவல்ல. ஆயினும் உள்ளே நடப்பதை வெளியே வரும் நீர் காட்டிக்கொடுக்கும் என்ற எண்ணம் இங்கே எத்தனை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்று.

மேற்கே கதை வேறு விதமாகப் போனது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவைச் சேர்ந்த அரித்தேயஸ் என்ற கிரேக்க மருத்துவர், தசையும் உறுப்பும் உருகிச் சிறுநீராக ஓடுவது போன்ற நோய் என்று இதை விவரித்தார். தாகம் தீராது, வாழ்நாள் குறுகியது என்றும் எழுதினார். அவர் பார்த்தது முற்றிய நோயாளிகளை. அதே நூற்றாண்டின் புகழ்பெற்ற மருத்துவர் கேலன் தம் வாழ்நாளில் இரண்டே நோயாளிகளைக் கண்டதாகச் சொல்லி, இது சிறுநீரகக் கோளாறு என்று முடிவு கட்டினார். அந்த முடிவு பல நூற்றாண்டுகளுக்கு நிலைத்தது. இனிப்பு என்ற செய்தி ஐரோப்பிய மருத்துவத்தில் அழுத்தமாகப் பதிந்தது 1674இல், லண்டன் மருத்துவர் தாமஸ் வில்லிஸின் நூலில்தான். அவர் நோயாளியின் சிறுநீரை நாக்கில் வைத்துப் பார்த்து, தேனோ சர்க்கரையோ கலந்தது போல் இனிக்கிறது என்று எழுதினார். பழங்காலத்தில் அரிதாக இருந்த இந்த நோய், விருந்தும் மதுவும் பெருகிய தம் காலத்தில் அடிக்கடி தென்படுகிறது என்ற கவனிப்பும் அவருடையதே.

நாக்கு சொன்னதைப் பொருளாக எடுத்துக் காட்டியவர் மாத்யூ டாப்சன். லிவர்பூல் மருத்துவமனையில் அவரிடம் வந்த பீட்டர் டிக்கன்சன் என்ற 33 வயது நோயாளி ஒரு நாளைக்கு 28 பைன்ட், அதாவது ஏறத்தாழ 16 லிட்டர் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார். டாப்சன் அதில் ஒரு பகுதியை மெதுவான சூட்டில் வற்றவிட்டார். அடியில் தங்கியது வெள்ளையான, பொலபொலவென்று உதிரும் கட்டி. பழுப்புச் சர்க்கரையின் மணமும் சுவையும் அதற்கு இருந்தன. இத்தோடு நின்றிருந்தால் வில்லிஸ் சொன்னதற்கு ஒரு சான்று கிடைத்தது என்ற அளவில் முடிந்திருக்கும். அவர் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரையும் சுவைத்தார். அதுவும் இனித்தது, சிறுநீரைவிடக் குறைவாக, ஆனால் இனித்தது. சர்க்கரை சிறுநீரகத்தில் உண்டாவதில்லை, ரத்தத்திலிருந்தே வடிகிறது என்று பொருள். 1776இல் வெளியான அந்தக் கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது: சிலரை இந்த நோய் சில வாரங்களில் கொன்றுவிடுகிறது, வேறு சிலர் பல ஆண்டுகள் இதனோடே வாழ்கிறார்கள். இரண்டு வேறு நோய்கள் ஒரே பெயரில் உலவுகின்றன என்ற சந்தேகம் அந்த வரியில் ஒளிந்திருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க இன்னும் 160 ஆண்டுகள் ஆயின. 1815இல் பாரிஸில் மிஷேல் செவ்ரூல் அந்தச் சர்க்கரை திராட்சையில் இருக்கும் குளுக்கோஸ்தான் என்று காட்டினார்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நாக்குக்கு ஓய்வு கிடைத்தது. தாமிர உப்பின் நீலக் கரைசலில் குளுக்கோஸைச் சேர்த்துச் சூடாக்கினால் நிறம் மாறிச் செந்நிற வீழ்படிவு உண்டாகும். இதைப் பயன்படுத்தி ஜெர்மன் வேதியியலாளர் ஃபெலிங் ஒரு சோதனை அமைத்தார். அதற்கு இரண்டு கரைசல்களைத் தனித்தனியே வைத்திருந்து, தேவைப்படும்போது கலக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஸ்டான்லி பெனடிக்ட், கெடாமல் நாள்பட இருக்கும் ஒரே கரைசலாக அதை மாற்றினார். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்த எவருக்கும் இந்த இரண்டு பெயர்களும் தெரியும். மருத்துவமனையில் இதன் செய்முறை எளிது: சோதனைக் குழாயில் 5 மில்லிலிட்டர் நீலக் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், இரண்டு நிமிடம் கொதி, பிறகு ஆறவிட்டு நிறத்தைப் பார்ப்பது. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் நிறைய. ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், நான்கு பிளஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். ஸ்பிரிட் விளக்கும் நீலப் பாட்டிலும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே காலையில் பார்த்துக்கொண்ட நோயாளிகள் உண்டு. ‘யூரின்ல சுகர் இல்லை’ என்பதே பல குடும்பங்களில் நல்ல செய்தியாக இருந்த காலம் அது.

அந்த நல்ல செய்தி பல நேரம் பொய். நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒரு பெரியவரின் மொத்த ரத்தத்திலும் இருக்கும் குளுக்கோஸ் 4, 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி அளவு. சிறுநீரகம் அதைக் கவனமாக மீட்டு ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் மீட்பு வேலை தோற்றுச் சிறுநீரில் சர்க்கரை வழியும். வெறும் வயிற்றில் 150 இருக்கும் ஒருவருக்குப் பெனடிக்ட் கரைசல் நீலமாகவே இருக்கும். அவருக்கு நோய் இருக்கும். வயதாக ஆக இந்த எல்லை மேலும் உயர்வதால், முதியவர்களுக்கு ஏமாற்றம் இன்னும் அதிகம். எறும்பும் நாக்கும் நீலக் கரைசலும் ஆகிய மூன்றும் இந்த ஓர் எல்லைக்கு மேலேதான் வேலை செய்தன.

நோயின் ஊற்று எங்கே என்ற கேள்விக்கு 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் விடை கிடைத்தது. மின்கோவ்ஸ்கி, ஃபோன் மேரிங் என்ற இரு மருத்துவர்கள் நாயின் கணையத்தை எடுத்துவிட, அதன் சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. 1921இல் டொரொன்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் மெக்லியோடின் ஆய்வகத்தில் தொடங்கிய வேலையில் காலிப்பும் சேர்ந்துகொள்ள, கணையத்தில் சுரக்கும் இன்சுலின் கைக்கு வந்தது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சன் அதை முதலில் பெற்றான். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டது. அதன் நிழலில் மறைந்துபோனது 1936இல் லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் செய்த சோதனை. அவர் நோயாளிகளுக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒன்றாகக் கொடுத்து, ரத்தச் சர்க்கரை எப்படி மாறுகிறது என்று பார்த்தார். சிலருக்கு இன்சுலின் உடனே வேலை செய்தது. பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய, பருமனான வேறு சிலரிடம் அது பலிக்கவே இல்லை. முதல் கூட்டத்துக்கு இன்சுலின் பற்றாக்குறை. இரண்டாம் கூட்டத்தின் உடம்போ இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கிறது. இன்று முதல் வகை, இரண்டாம் வகை என்று சொல்வதன் அடித்தளம் இது. முதல் வகை குழந்தைகளிடத்திலும் இளைஞர்களிடத்திலும் சில வாரங்களில் வெளிப்பட்டுவிடும்; தாகமும், படுக்கையை நனைப்பதும், வேகமாக இளைப்பதும் மறைக்க முடியாத அறிகுறிகள். ஒளிந்து வளர்வது இரண்டாம் வகை. இந்தியாவில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு உள்ளது அதுதான்.

அதைப் பிடிக்க ரத்தத்துக்கே போக வேண்டியிருந்தது. 1910களிலும் 20களிலும் ஐவார் பேங், ஃபோலின், வூ ஆகிய வேதியியலாளர்கள் சிறிதளவு ரத்தத்திலேயே சர்க்கரையை அளக்கும் முறைகளை உருவாக்கினார்கள். பெரிய மருத்துவமனை ஆய்வகங்களுக்கே அது சாத்தியமாக இருந்தது. அமெரிக்காவின் ஏம்ஸ் (Ames) நிறுவனத்தில் ஹெலன் ஃப்ரீயும் அவர் கணவர் ஆல்ஃப்ரெட் ஃப்ரீயும் 1956இல் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் காகித ஸ்ட்ரிப்பைக் கொண்டுவந்தார்கள். 1960களின் நடுவில் அதே நிறுவனத்திலிருந்து ரத்தத்துக்கான ஸ்ட்ரிப் வந்தது. ஒரு பெரிய துளி ரத்தம் விட்டு, சரியாக ஒரு நிமிடம் காத்திருந்து, தண்ணீரால் கழுவி, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். கண்ணுக்குக் கண் நிறம் மாறித் தெரிந்ததால், 1970இல் அந்த நிறத்தை அளக்க ஒரு கருவி வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, மருத்துவர்களுக்கு மட்டும் விற்பனை. சட்டைப் பைக்குள் போகும் இன்றைய குளுக்கோமீட்டருக்கு அது மூதாதை.

ஊசி குத்தும் அந்த நொடியின் சர்க்கரையை மட்டுமே இவை எல்லாம் காட்டும். டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாள் பத்தியம் இருந்து நல்ல எண்ணை வாங்கிக்கொண்டு வரும் நோயாளியை எந்த மருத்துவருக்கும் தெரியும். அந்த வழியை அடைத்தது டெஹ்ரானில் நடந்த ஒரு கண்டுபிடிப்பு. 1968இல் சாமுவேல் ரஹ்பார் அசாதாரண ஹீமோகுளோபின்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் ஒரே விதமான மாற்றத்தைக் கண்டார். ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் இரண்டு, மூன்று மாத வரலாறே கிடைத்துவிடும். இதுவே ‘மூன்று மாத சராசரி’ என்று மக்கள் சொல்லும் ஹெச்பிஏ1சி. 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2011இல் உலக சுகாதார நிறுவனமும் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்று ஏற்றுக்கொண்டன. ஒரு எச்சரிக்கை தேவை. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் இந்த எண் கூடுதலாகவும், சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் நோய்களில் குறைவாகவும் காட்டக்கூடும். சோகை மிகுந்த நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

கருவி வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: எந்த எண்ணிலிருந்து நோய்? ரத்தச் சர்க்கரையில் இயற்கை எங்கும் கோடு போட்டு வைக்கவில்லை. கோட்டுக்கு உதவியவர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினர். ஏறக்குறைய பாதிப் பெரியவர்களுக்கு நோய் வருமளவுக்கு அவர்களிடம் இது மிகுந்திருந்ததால், 1965 முதல் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவுகளை வரைந்து பார்த்தபோது, அவர்கள் இரண்டு குன்றுகளாகப் பிரிந்தார்கள். கண் விழித்திரைப் பாதிப்பு ஏறக்குறைய முழுவதும் உயர்ந்த பக்கத்துக் குன்றில்தான் இருந்தது. நடுவில் கிடந்த பள்ளம் 200 மில்லிகிராமை ஒட்டியிருந்தது. 1979, 80இல் வெளியான விதிகளில் அந்த 200 இடம்பெற்றது, இன்றும் மாறவில்லை. வெறும் வயிற்று அளவுக்கு அப்போது வைத்த 140 நிலைக்கவில்லை. அதற்குக் கீழேயே கண் பாதிப்பு தொடங்குவது தெரிந்து 1997இல் 126 ஆயிற்று. அந்த அறிவிப்பு வந்த நாளில், உடம்பில் எதுவும் மாறாமலே லட்சக்கணக்கானோர் நோயாளிகள் ஆனார்கள். 126க்குக் கீழே, ஆனால் இயல்புக்கு மேலே இருப்பவர்களுக்கு ஒரு முன்நிலை வகுக்கப்பட்டது. அமெரிக்கச் சங்கம் அதை 100 என்ற எண்ணிலும், உலக சுகாதார நிறுவனம் 110 என்ற எண்ணிலும் தொடங்குகின்றன. ‘பார்டர்ல இருக்கு’ என்று லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வது இந்த இடைவெளியைத்தான். ஒரே ரிப்போர்ட்டோடு இரண்டு டாக்டர்களிடம் போனவர் இரண்டு விடைகளோடு திரும்புவது இதனால்தான்.

கோட்டைக் கீழே இறக்கியதற்கு வலுவான காரணம் இருந்தது. இங்கிலாந்தில் 1977 முதல் நடந்த பெரிய ஆய்வில், நோய் தெரியவந்த நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டிருந்தது. 1992இல் அமெரிக்க, மேற்கு ஆஸ்திரேலிய நோயாளிகளின் கண் பாதிப்பைப் பின்னோக்கிக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், கண்டறிவதற்குக் குறைந்தது 4 முதல் 7 ஆண்டுகள் முன்பே நோய் தொடங்கியிருக்க வேண்டும் என்றார்கள். பரிசோதனை நோயைக் கண்டுபிடித்த அன்று நோய்க்குப் பல வயது ஆகியிருந்தது.

யாருக்கு வருகிறது என்ற கேள்வியில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கல்கத்தாவின் ஜமீன்தார், வக்கீல், அலுவலக பாபு ஆகியோரின் நோயாகக் கருதப்பட்டது. 1907இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் வெப்பமண்டல நாடுகளில் நீரிழிவு என்று தனி விவாதமே நடத்தியது. சென்னையில் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையும் கண்டார். அன்று இந்தியாவில் இதற்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கெடுப்பில் நகர்ப்புறத்தில் 2.1 சதவீதம், கிராமப்புறத்தில் 1.5 சதவீதம் என்றுதான் வந்தது.

எச்சரிக்கை மணி கடல் கடந்த இந்தியர்களிடமிருந்து முன்பே கேட்டிருந்தது. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனது. அடுத்தடுத்த கப்பல்களிலும் தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளமாகச் சென்றார்கள். நூறாண்டு கழித்து டர்பனில் அவர்களுடைய வழிவந்தவர்களைப் பரிசோதித்த மருத்துவர் ஜி. டி. கேம்ப்பெல், அவர்களிடம் நீரிழிவு மிகுந்திருப்பதைக் கண்டு, வெள்ளைச் சர்க்கரையும் தீட்டிய மாவுமே காரணம் என்று வாதிட்டார். கிளீவ் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1966இல் நூலும் எழுதினார். சர்க்கரை ஒன்றையே குற்றவாளியாக்கிய அந்த வாதத்தைப் பிற்கால ஆய்வு முழுதாக ஏற்கவில்லை. ஆனால் அதே வம்சத்தவர் இடமும் வாழ்க்கையும் மாறினால் நோயும் மாறுகிறது என்பது உறுதியாயிற்று. 1980களில் லண்டனின் சவுத்தாலில் எடுத்த கணக்கெடுப்பில், அங்கே குடியேறிய தெற்காசியர்களிடம் நோய் வெள்ளையர்களைவிடப் பல மடங்கு இருந்தது.

கடல் கடக்காமலே இது நடக்கும் என்று காட்டியது சென்னை. 1980களின் இறுதியில் ஏ. ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் எடுத்த கணக்கில் நகரத்தில் 8.2 சதவீதம், கிராமத்தில் 2.4 சதவீதம். சென்னையில் அடுத்த கணக்கெடுப்புகளில் எண் 11, 13, 18 என்று ஏறியது. கூடவே தெரிந்த இன்னொன்றுதான் கண்டறிதலின் போக்கையே மாற்றியது. நோய் கண்டவர்களில் பலர் குண்டானவர்கள் அல்லர். மொத்த எடையைவிட, அந்த எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதே முக்கியமாக இருந்தது. மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக் 1947லேயே இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பைவிட வயிற்றில் சேரும் கொழுப்பு கெடுதி என்று எழுதியிருந்தார். இந்திய உடம்பு அவர் சொன்னதற்கு உதாரணமாக நின்றது. புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் பிறந்த குழந்தைகளையே அளந்தார். இங்கிலாந்துக் குழந்தை சராசரி 3.5 கிலோ, புனேக் குழந்தை 2.7 கிலோ, தசையும் உள்ளுறுப்பும் குறைந்திருந்தனவே தவிர, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு என்ற அமைப்பு பிறப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இதனால் ஆசியர்களுக்குத் தனி அளவுகோல் வந்தது: உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே மிகை, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. ‘எனக்கென்ன, நான் ஒல்லிதானே’ என்ற தைரியத்துக்கு இங்கே அடிப்படை இல்லை.

கர்ப்பம் இன்னொரு சாளரத்தைத் திறந்தது. 1964இல் பாஸ்டனில் ஜான் ஓ’சல்லிவன், கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறிய பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தர நோய் வருவதைக் காட்டினார். சென்னையில் வி. சேஷய்யா இதை நடைமுறைக்கு ஏற்றபடி எளிமையாக்கினார். தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணியை நாளைக்குப் பட்டினியாக வா என்று அனுப்பினால் அவர் திரும்ப வரமாட்டார். ஆகவே சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பது. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. பின்னர் இந்திய அரசின் வழிகாட்டுதலிலும் இந்த முறை இடம்பெற்றது. பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை இறங்கிவிடும், நோய் வரும் வாய்ப்பு போய்விடாது. அந்தத் தாய் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்.

இதற்குள் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கும் விடை வந்திருந்தது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வும், பின்லாந்திலும் அமெரிக்காவிலும் 2001, 2002இல் வெளியான ஆய்வுகளும், முன்நிலையில் இருப்பவர்கள் உணவையும் நடையையும் மாற்றினால் நோய் வருவது குறைகிறது என்று காட்டின. பின்னிரண்டு ஆய்வுகளிலும் 58 சதவீதம் குறைந்தது. ராமச்சந்திரன் குழு 531 இந்தியர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் குறைந்தது 28.5 சதவீதம்தான். மூன்றே ஆண்டில், எதுவும் மாற்றாதவர்களில் 55 சதவீதம் பேர் நோயாளிகள் ஆகிவிட்டிருந்தார்கள். இந்தியர்கள் முன்நிலையிலிருந்து நோய்க்கு மிக வேகமாகத் தாவுகிறார்கள் என்பதை இந்த இரண்டாவது எண் சொல்கிறது.

தடுக்கலாம் என்றால், யாரைத் தேடிப் பிடிப்பது? பின்லாந்து 2003இல் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தது. 2005இல் சென்னையில் வி. மோகனும் உடன் பணியாற்றியவர்களும், நகரில் 26,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பின் தரவிலிருந்து இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணை உருவாக்கினார்கள். நான்கே கேள்விகள், ஒரு டேப், ரத்தம் தேவையில்லை. வயது 35க்குக் கீழ் என்றால் 0, 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் என்றால் 0. அதிலிருந்து அடுத்த பத்து சென்டிமீட்டருக்குள் 10. அதைத் தாண்டினால் 20. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. உடற்பயிற்சியும் இல்லாமல் உட்கார்ந்த வேலையும் என்றால் 30. உழைப்பு கூடக் கூட இது குறையும். மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் என்றால் அபாயம் அதிகம். 52 வயது, இடுப்பு 96, அம்மாவுக்குச் சர்க்கரை, நாள் முழுக்க நாற்காலி என்று இருக்கும் ஓர் ஆண் வங்கி எழுத்தருக்கு 30, 10, 10, 30 சேர்ந்து 80 வரும். இதில் வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் 40 மதிப்பெண் பெறும்.

இந்த மதிப்பெண் நோயைத் தீர்மானிப்பதில்லை. ரத்தப் பரிசோதனைக்கு யார் உடனே போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. உருவாக்கியவர்களின் கணக்குப்படியே, தெரியாமல் இருக்கும் நோயாளிகளில் 72.5 சதவீதம் பேரை இது பிடிக்கும். நான்கில் ஒருவருக்கும் மேல் நழுவிவிடுவார்கள். நோய் இல்லாதவர்களிலும் பத்தில் நான்கு பேரை வீணாகப் பரிசோதனைக்கு அனுப்பும். அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு ஒரே ஒரு முறை கூடுதலாக வந்த எண்ணை வைத்தும் நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வதே விதி. வீட்டுக் குளுக்கோமீட்டர் கண்காணிக்கப் பயன்படும். நோய் உண்டா இல்லையா என்பதற்கு நரம்பிலிருந்து எடுத்த ரத்தமே கணக்கு.

2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு 1,13,043 பேரைப் பரிசோதித்து, இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நோயும் 15.3 சதவீதம் பேருக்கு முன்நிலையும் இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் நோய் 14.4 சதவீதம். முன்நிலையில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஏறத்தாழ வித்தியாசமே இல்லை. யாரைத் தேடுவது என்ற கேள்வியும் சுருங்கிவிட்டது; தேசியத் திட்டத்தில் 30 வயதைக் கடந்த எல்லோரும் பரிசோதனைக்கு உரியவர்கள். பரிசோதனைக்குமுன் கிராம சுகாதார ஊழியர் நிரப்பும் தாளில் வயது, புகையிலை, மது, இடுப்பளவு, வாரத்துக்கு எத்தனை நிமிட உழைப்பு, குடும்பத்தில் யாருக்கு நோய் என்ற கேள்விகள் உள்ளன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையும் அங்கேயே கொடுக்கப்படுகிறது.